மோல்டாவின் 'ஒழுங்கற்ற' வினைகளும் நமது ஸர்பு வகுப்பும்

மோல்டிய மொழியை ஆரம்பத்திலிருந்து கற்பிக்கும் எந்தப் பாடநூலைத் திறந்தாலும், கடைசிப் பக்கங்களில் 'ஒழுங்கற்ற வினைகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். வருதல், போதல், தருதல், எடுத்தல், உண்ணல், காணல், விரும்பல், அறிதல், சொல்லல், இருத்தல் என்று நாளாந்தம் வாயில் வரும் வினைகளெல்லாம் அந்தப் பட்டியலில்தான் கிடக்கும். புதிதாகப் படிக்க வருபவர் அதைப் பார்த்ததும் மலைத்துப்போவார். ஒவ்வொன்றையும் மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று அந்நூல்களில் பல சொல்லிவிடுகின்றன.

மத்ரஸாவில் ஒரு வருடமாவது ஸர்பு ஓதியவருக்கு இந்தப் பட்டியலின் பெரும்பகுதி ஒழுங்கற்றதே அல்ல என்பதுதான் இக்கட்டுரையின் செய்தி. அவர் ஏற்கனவே ஓதி முடித்த பாடத்தை வேறு எழுத்தில், கொஞ்சம் தேய்ந்த உருவில் மீண்டும் சந்திக்கிறார். இரத்தினபுரியில் அரபு கற்பிக்கும் ஒருவனாக, அண்மைக் காலத்தில் இரண்டு பேருக்கு இம்மொழியைச் சொல்லிக்கொடுத்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். மாணிக்கக்கல் வியாபாரம் எல்லாருக்கும் எல்லாக் காலமும் சோறு போடுவதில்லை. குழி தோண்டி ஒன்றும் கிடைக்காமல் கடனோடு மேலே வந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. முன்னர் வளைகுடாவுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது ஐரோப்பாவைப் பார்க்கிறார்கள். மோல்டாவும் அவர்கள் பேசும் பெயர்களில் ஒன்று. என்னிடம் வந்தவர்களில் ஒருவர், நான்கு வருடம் ஓதி இடையில் நின்ற ஓர் இளைஞர். மற்றவர், குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பிய ஒரு தாத்தா. இருவரும் முதியோர் பராமரிப்பு வேலையை எதிர்பார்த்திருந்தவர்கள்.

மோல்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழிதான். கடையிலும் அலுவலகத்திலும் ஆங்கிலத்தால் சமாளிக்கலாம். ஆனால் படுக்கையில் கிடக்கும் எண்பது வயது மனிதர் நடுச்சாமத்தில் வலியால் முனகும்போது எந்த மொழியில் முனகுவார்? தாய்மொழியில்தான். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவருக்கு 'தண்ணீர் தா' என்பது விளங்காவிட்டால் அவருடைய சான்றிதழால் என்ன பிரயோசனம்? அந்த மூதாட்டி பேசப்போகும் வினைகள் எல்லாம் மேற்சொன்ன பட்டியலில் உள்ளவைதான்.

எங்கிருந்து வந்த மொழி?

மோல்டா, இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் உள்ள சிறு தீவுக்கூட்டம். பரப்பளவு 316 சதுரக் கிலோமீற்றர். எங்கள் இரத்தினபுரி மாவட்டத்தின் பத்திலொரு பங்கும் வராது. கி.பி. 870இல் வட ஆபிரிக்காவின் அக்லபிய முஸ்லிம் ஆட்சியாளர்கள் அதைக் கைப்பற்றினார்கள். அதன் பின்னர் சிசிலியிலும் வட ஆபிரிக்காவிலும் புழங்கிய பேச்சரபு அங்கே வேரூன்றியது. 1091இல் நோர்மன் தலைவர் ரொஜர் தீவுக்கு வந்தார். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் முஸ்லிம்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். இஸ்லாம் போயிற்று, பேச்சு போகவில்லை. கத்தோலிக்கர்களாகிய அம்மக்கள் அந்தப் பேச்சையே தொடர்ந்தார்கள். இத்தாலியச் சொற்களும் பிற்காலத்தில் ஆங்கிலச் சொற்களும் ஏராளமாக வந்து சேர்ந்தன. 1934இல் அது ஆட்சிமொழியாயிற்று. 2004இல் மோல்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபோது, அவ்வொன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒரேயொரு செமித்திய மொழி என்ற இடம் அதற்குக் கிடைத்தது. அதை இலத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள்.

எழுத்து மாறியதால் கண்ணுக்கு அரபு தெரியாது. காதைக் கொடுத்தால் கேட்கும். அதற்கு மூன்று ஒலி மாற்றங்களை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஹாவும் (ஹலாலின் ஹா) காவும் (கைரின் கா) ஒரே 'ஹ' ஆகிவிட்டன. இரண்டு, காஃப் (கல்பின் காஃப்) தொண்டையில் வெட்டும் ஹம்ஸாவாகிவிட்டது. கெய்ரோவிலும் டமஸ்கஸிலும் இன்று பேச்சில் அப்படித்தான். மூன்று, ஐனும் கைனும் எழுத்தில் ஒன்றாகச் சேர்ந்து, ஒலியில் பெரும்பாலும் மறைந்து, பக்கத்து உயிரை நீட்டிவிட்டுப் போகின்றன. கீழே மோல்டியச் சொற்களை அவர்களது எழுத்தின்படி அல்லாமல், காதில் விழும்படி தமிழில் தருகிறேன்.

முதலில் ஒழுங்கான வினை

அரபில் 'கதப – யக்துபு' (எழுதினான் – எழுதுகிறான்) என்று ஓதுகிறோம். மோல்டியத்தில் 'கிதெப் – யிக்தெப்'. கடைசி ஹரகத்துகள் உதிர்ந்துவிட்டன, அவ்வளவுதான். அரபில் 'கதப்து' (எழுதினேன்), 'கதப்த' (எழுதினாய்) என்று கடைசி உயிரால் பிரியும் இரண்டும், அந்த உயிர் உதிர்ந்ததும் 'க்திப்த்' என்று ஒன்றாகிவிடுகின்றன. யார் என்பதை இடத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஓதியவர்கள் சறுக்கும் இடம் இங்கே ஒன்று உண்டு. அரபில் 'அக்துபு' என்றால் நான் எழுதுகிறேன். 'நக்துபு' என்றால் நாம். மோல்டியத்தில் 'நிக்தெப்' என்றால் நான். 'நிக்த்பு' என்றால் நாம். மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா பேச்சரபிலும் இதே வழக்குத்தான். நூன் முன்னால் வந்தால் 'நாம்' என்று பழகிய மனதுக்கு இது முதலில் உறுத்தும். அந்த இளைஞர் இரண்டு கிழமையாக "நாங்கள் வருகிறோம், நாங்கள் போகிறோம்" என்றே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். குவைத் போய்வந்த தாத்தாவுக்கோ அந்தச் சிக்கல் வரவேயில்லை. "எனக்கு ஸர்பு ஒண்டும் தெரியா சேர், அதனால மறக்கிறத்துக்கும் ஒண்டும் இல்ல" என்று சிரித்தார்.

இல்லத்துடைய எழுத்துகள்

ஸர்பு வகுப்பில் 'ஹுரூஃபுல் இல்லத்' என்று மூன்றை ஓதுகிறோம்: அலிஃப், வாவ், யா. நோய்ப்பட்ட எழுத்துகள். அவை நிலையாய் நிற்கமாட்டா. மாறும், விழும், கரையும். வேரில் அவை நிற்கும் இடத்தைக் கொண்டு வினைகளை மிஸால், அஜ்வஃப், நாகிஸ் என்று பிரிக்கிறோம். மோல்டியத்தின் 'ஒழுங்கற்ற' வினைகளை இந்த மூன்று பெட்டிகளில் போட்டுப் பாருங்கள்.

மிஸால், அதாவது முதலெழுத்து வாவ். அரபு 'வஸல – யஸிலு' (போய்ச் சேர்ந்தான்). நிகழ்காலத்தில் வாவ் விழும் என்பது விதி. மோல்டியம் 'வஸல் – யாஸல்'. அங்கும் வாவ் விழுந்தது. இது ஏன் என்று பாடநூல் விளக்காவிட்டாலும், ஓதியவர் விளக்குவார்.

அஜ்வஃப், அதாவது நடுவெழுத்து இல்லத். அரபு 'கான – யகூனு' (இருந்தான்). மோல்டியம் 'கீன் – இகூன்'. அரபில் 'குன்து' (இருந்தேன்), 'குன்னா' (இருந்தோம்) என்று நடு அலிஃப் விழுந்து உகரம் வரும். மோல்டியத்தில் 'கொன்த்', 'கொன்னா'. பாடநூல் இதைத் திடீர் மாற்றம் போலக் காட்டும். நமக்கு இது ஆயிரம் தரம் ஓதிய மாற்றம். விரும்புதலும் இதே பெட்டிதான். அரபு 'அராத – யுரீது'. மோல்டியம் 'ரீத் – இரீத்'. 'அரத்து' (விரும்பினேன்) அங்கே 'ரித்த்' ஆகிறது. 'நான் விரும்புகிறேன்' என்பதற்கு முன்னால் வரவேண்டிய நூன், ராவோடு கலந்து 'இர்ரீத்' ஆகும். நூன் ராவைச் சந்தித்தால் கரையும் என்பதைத் தஜ்வீதில் இத்காம் என்று படித்தவர்களுக்கு அதற்கும் விளக்கம் வேண்டியதில்லை.

நாகிஸ், அதாவது கடைசியெழுத்து இல்லத். அரபு 'மஷா – யம்ஷீ' (நடந்தான்); மோல்டியம் 'மெஷா – யிம்ஷி'. அரபு 'மஷய்து' (நடந்தேன்) அங்கே 'ம்ஷெய்த்'. மறைந்திருந்த யா தன்மையில் வெளியே வருகிறது. இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில், ஒரே காரணத்தால்.

இரட்டை நோய் உள்ளவை

இல்லத்தும் ஹம்ஸாவும் ஒரே வேரில் சேர்ந்தால், அல்லது ஹம்ஸா தலையில் நின்றால், அரபிலேயே வினை சிக்கலாகும். மோல்டியத்தில் மிகச் சுருங்கிப்போன வினைகள் இவைதான்.

காணல்: அரபு 'ரஆ – யரா'. நிகழ்காலத்தில் ஹம்ஸா விழுவதைக் குர்ஆனிலேயே காண்கிறோம். மோல்டியம் 'ர – யாரா'. கண்டேன் 'ரய்த்', அரபில் 'ரஅய்து'. 'பார்!' என்ற ஏவலுக்கு 'ஆரா'.

வருதல்: அரபு 'ஜாஅ – யஜீஉ'. மோல்டியம் 'ஜீ – யிஜி'. வந்தேன் 'ஜெய்த்'. வருகிறேன் 'நிஜி'. ஏவல் மட்டும் வேறு சொல்: 'எய்யா'. அரபிலும் 'ஜாஅ'வின் ஏவலை யாரும் பேச்சில் சொல்வதில்லை. 'தஆல்' என்ற வேறு சொல்லைத்தான் கூப்பிடுகிறோம். சொல் வேறாயினும் பழக்கம் ஒன்று.

தருதல்: அரபு 'அஃதா – யுஃதீ'. மோல்டியத்தில் இறந்தகாலத்தின் தலை வெட்டுப்பட்டு 'த' என்று ஓரெழுத்தாக நிற்கிறது. தந்தேன் 'தய்த்'. நிகழ்காலத்தில் ஐன் எழுத்தில் உண்டு, ஒலியில் நீட்டம் மட்டும்: 'யாத்தி'. எனக்குத் தா: 'ஆத்தினி'. அரபு 'அஃதினீ'யை அறிந்தவர் அதைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்வார். அங்கே 'த' என்றால் தந்தான், இங்கே நமக்குத் 'தா' என்றால் கொடு. இவ்விரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, தற்செயல். ஆனால் மனதில் நிற்க உதவும்.

எடுத்தல், உண்ணல்: அரபில் 'அஹத', 'அகல', 'அமர' மூன்றுக்கும் ஏவலில் ஹம்ஸா விழும். 'ஹுத்', 'குல்', 'முர்' என்று மூன்றையும் சேர்த்தே ஓதுவோம். மோல்டியத்தில் எடு 'ஹூ', பன்மையில் 'ஹுது'. உண் 'கூல்', பன்மையில் 'குலு'. குர்ஆன் ஓதும் சிறு பிள்ளைக்கும் 'குலூ' தெரியும். எடுத்தேன் 'ஹத்த்', எடுக்கிறேன் 'நீஹு'. உண்டேன் 'கில்த்', உண்கிறேன் 'நீகொல்'.

மூன்றாவது சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். மோல்டாவில் 'மூர்' என்று யாராவது சொன்னால் அது 'கட்டளையிடு' அல்ல, 'போ'. அதன் வேர் 'மர்ர – யமுர்ரு' (கடந்து சென்றான்). கடத்தல் என்ற பொருள் விரிந்து போதல் ஆகிவிட்டது. போனான் 'மார்', போனேன் 'மொர்த்', போனாள் 'மர்ரெத்'. அந்த இரட்டை ரா வேரைக் காட்டிக்கொடுக்கிறது.

உண்மையிலேயே மனனம் செய்ய வேண்டியவை

ஸர்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மூன்று வினைகளுக்குத் தனிக் கவனம் தேவை.

முதலாவது, சொல்லல். சொன்னான் 'ஆல்' (அரபு கால). ஆனால் சொன்னேன் 'ஐத்த்', சொல்கிறேன் 'நைத்', சொல்லு 'ஐத்'. இரண்டு வெவ்வேறு வேர்கள் ஒரு வினையாகக் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. படர்க்கை இறந்தகாலம் 'கால'விடம். மற்றதெல்லாம், திருப்பிச் சொல்லுதல் என்று பொருள்படும் 'அஆத'வின் வேரிடம்.

இரண்டாவது, அறிதல். அறிகிறேன் 'நாஃப்', அறிகிறான் 'யாஃப்'. அரபு 'அரஃப – யஃரிஃபு' இவ்வளவு தேய்ந்திருக்கிறது: ஐனும் ராவும் போய் ஃபா மட்டும் மிஞ்சியது. 'தெரியாது' என்பதற்கு 'ம நாஃப்ஷ்'. கடைசி 'ஷ்', அரபின் 'ஷைஉ' (ஒரு பொருள்) என்ற சொல்லின் மிச்சம். எகிப்திலும் மக்ரிபிலும் இதே 'ஷ்' உண்டு. இதற்கு இறந்தகாலம் வேண்டுமானால் 'இருந்தேன்' என்பதை முன்னால் சேர்க்கிறார்கள்: 'கொன்த் நாஃப்', தெரிந்திருந்தேன்.

மூன்றாவது, 'என்னிடம் உண்டு'. இது வினையே அல்ல. 'ஆந்தி', அரபு 'இந்தீ'. கடந்த காலத்துக்கு 'கெல்லி': 'கான லீ' (எனக்கு இருந்தது) என்பதன் குறுக்கம். வருங்காலத்துக்கு 'இகொல்லி': 'யகூனு லீ'. ஆங்கில வழியாகப் படிப்பவர்கள் இந்த மூன்றுக்கும் என்ன உறவு என்று தலையைச் சொறிவார்கள். தமிழனுக்கு ஏன் கஷ்டம்? நமக்கும் அந்த வினை கிடையாதே. 'எனக்குக் காசு இருக்கு', 'எனக்குக் காசு இருந்திச்சு' என்றுதானே நாமும் பேசுகிறோம். இந்த இடத்தில் தாத்தா என்னைவிட வேகமாகப் பிடித்தார். "குவைத்திலயும் 'இந்தி, மா இந்தி' எண்டுதான் சேர் நான் ஒம்பது வருஷம் பேசின" என்றார்.

இன்னுமொரு விஷயம். இத்தாலியத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்த வினைகளுக்கும் இந்த நாகிஸ் விகுதிகள்தான். வாகனத்தைப் பார்க் பண்ணினான் 'இப்பார்க்யா', பண்ணினேன் 'இப்பார்க்யய்த்'. 'ம்ஷெய்த்'தில் கண்ட அதே 'ய்த்'. ஆகவே நாகிஸ் பெட்டியை நன்றாகப் படித்தவருக்கு நூற்றுக்கணக்கான புதிய வினைகள் சும்மா கிடைக்கின்றன.

அதிகம் புழங்குவதே அதிகம் தேயும்

நாளாந்தம் தேவைப்படும் வினைகளே ஏன் இப்படி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன என்று அந்த இளைஞர் கேட்டார். தமிழைப் பாருங்கள் என்றேன். 'ஓடு – ஓடினான் – ஓடுவான்' நேராகப் போகிறது. 'வா – வந்தான் – வருவான்', 'தா – தந்தான் – தருவான்', 'சா – செத்தான் – சாவான்', 'காண் – கண்டான் – காண்பான்' அப்படிப் போவதில்லை. வெளிநாட்டவர் தமிழ் படிக்கும்போது இவைதான் அவர்களது பட்டியலின் தலையில் நிற்கும். நமக்கோ இவை ஒழுங்கற்றவை என்ற நினைப்பே வருவதில்லை. உம்மாவின் மடியில் முதலில் கற்றவை இவைதான். 'இருக்கிறது' எங்கள் வாயில் 'ஈக்கி' என்று சுருங்கியிருக்கிறது. வீட்டில் தினமும் கையிலெடுக்கும் கத்திதான் முதலில் தேயும். 'யஃரிஃபு' என்பது 'யாஃப்' ஆனதும் அப்படித்தான்.

ஆகவே இவற்றைப் பட்டியலாகப் படிக்காமல், வாயால் புழங்கிப் படிக்க வேண்டும். நான் கையாண்ட முறை எளியது. முதல் கிழமை 'கிதெப்' ஒன்றை மட்டும் எல்லா ஆட்களுக்கும் ஓதச் செய்தேன். இரண்டாம் கிழமை மூன்று பெட்டிகளுக்கும் ஒவ்வொரு வினை: வஸல், கீன், மெஷா. மூன்றாம் கிழமையிலிருந்து சுருங்கிய வினைகளை, வேலைத்தலத்தில் தேவைப்படும் வசனங்களாகவே கொடுத்தேன்:

'கில்த்?' – சாப்பிட்டீங்களா?
'ஹத்த் இல்-மெதிச்சீனா?' – மருந்து எடுத்தீங்களா?
'த்ரீத் லில்மா?' – தண்ணி வேணுமா?
'ஆந்தெக் உஜீஹ்?' – வலி இருக்கா?
'ஆத்தினி இதெக்.' – கையத் தாங்க.
'ஃபெய்ன் த்ரீத் த்மூர்?' – எங்க போகணும்?
'இஸ்ஸா நிஜி.' – இப்ப வாறேன்.

இந்த ஏழு வசனங்களில் ஏழு 'ஒழுங்கற்ற' வினைகள் அடங்கிவிட்டன. 'லில்மா'வில் 'அல்மாஉ' தெரிகிறது, 'இதெக்'கில் 'யதுக', 'உஜீஹ்'இல் 'வஜஃ'. ஸர்பு ஓதியவர் இந்த வேர்களைத் தானாகவே எடுத்துக் காட்டினார். தாத்தாவோ வேரைப் பார்க்கவில்லை. வசனத்தைக் காதில் வாங்கி அப்படியே திருப்பினார். சரியாகச் சொல்வதில் அவர் முந்தினார். புது வினையைத் தானே உருவாக்குவதில் இளைஞர் முந்தினார். இரண்டும் வேண்டும் என்பதே நான் கண்டது.

மொழியும் மார்க்கமும்

ஒரு நாள் தாத்தா கேட்டார்: "சேர், அவங்க கிறிஸ்தவங்கதானே, ஆனா அல்லா எண்டுதான் செல்றாங்களாம். மெய்யா?" மெய்தான். இறைவனுக்கு மோல்டியத்தில் 'அல்லா' என்றே பெயர். உயிர்த்த ஞாயிறுக்கு முன் அவர்கள் நோற்கும் தவக்காலத்துக்கு 'ராந்தான்', நமது ரமழானிலிருந்து வந்த சொல். உயிர்த்த ஞாயிறின் பெயரில் இருப்பது 'ஈத்' என்ற சொல்லேதான்.

அரபு என்றாலே இஸ்லாம் என்று நினைத்துப் பழகிய நமக்கு இது முதலில் விசித்திரமாக இருக்கும். ஆனால் நம்மையே எடுத்துக்கொள்வோம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பேசும் தமிழே நமக்கும் தாய்மொழி. அதில் தொழுகை, நோன்பு, ஓதல், பள்ளி என்று நமக்கென்று பொருள் ஏற்றிக்கொண்டு முஸ்லிம்களாக வாழ்கிறோம். தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத் தமிழ் என்று ஓர் இலக்கியமே வளர்த்தவர்கள் நம் முன்னோர். மோல்டியர் அரபின் பிள்ளையை இலத்தீன் எழுத்தில் எழுதிக் கத்தோலிக்கர்களாக வாழ்கிறார்கள். எழுத்தும் மார்க்கமும் ஒரு பக்கம் போக, பேச்சு இன்னொரு பக்கம் நிற்க முடியும் என்பதற்கு அவர்களும் நாமும் இரண்டு சாட்சிகள். மொழி அதைப் பேசுகிறவருடையது.

நமது அரபுக் கல்லூரிகளில் ஸர்பு, கிதாபைத் திறப்பதற்கான சாவியாக மட்டும் கற்பிக்கப்படுகிறது. அதன் முதன்மையான பயன் அதுதான், சந்தேகமில்லை. ஆனால் இடையில் நின்ற பிள்ளைகள் பலர், ஓதிய நான்கு வருடமும் வீண் என்ற எண்ணத்தோடு ஊரில் திரிகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது, செமித்திய மொழி எதையும் பிரித்துப் பார்க்கக்கூடிய ஒரு கருவி. ஸர்பு கற்பிக்கும் ஆசிரியர்கள், கரும்பலகையில் மிஸால், அஜ்வஃப், நாகிஸ் எழுதும் நாளில் பக்கத்தில் இன்னொரு நிரல் போட்டு, மோல்டிய வடிவத்தையும் எகிப்திய, மொரோக்கப் பேச்சு வடிவங்களையும் எழுதிக் காட்டலாம். அதற்குப் பத்து நிமிடம் மேலதிகமாகச் செலவாகும். படிக்கிற பிள்ளைக்கு, தான் ஓதும் விதி எங்கோ கடல் நடுவில் ஒரு தீவில் இன்றும் மனிதர் வாயில் உயிரோடிருப்பது தெரியவரும். நாளைக்கு அந்தப் பிள்ளை எந்த ஊரில் யாருக்குத் தண்ணீர் கொடுக்க நேர்ந்தாலும், கேட்பவரின் சொல் அதற்கு விளங்கும்.